தூர் பெருத்தால் பூ சிறுக்கும்: சம்பங்கிக் கிழங்கைப் பிரித்து நடுவோம்



வடக்கனந்தல் பக்கம் நம்மில் சிலர் கொல்லையில் சம்பங்கி வைத்திருக்கிறோம். முதல் இரண்டு வருஷம் நன்றாகப் பூக்கிறது. அப்புறம் இலை மட்டும் புல் மாதிரி மண்டுகிறது, பூ இல்லை. “மண்ணு செத்துப் போச்சு, புதுக் கிழங்கு வாங்கக் கடன் குடுங்க” என்று குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். கடன் கொடுக்கும் முன் தூரைத் தோண்டிப் பார்த்தோம். ஒற்றைக் கிழங்கு வைத்த இடத்தில் இருபதுக்கு மேல் நெருக்கியடித்துக் கிடந்தன. கடன் வாங்கிக் கொண்டுவர நினைத்தது காலடியிலேயே இருந்தது!

ஏன் இப்படி?

ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். பிறகு அதைச் சுற்றிப் பக்கக் கிழங்குகள் வரும். அவை பெருத்தால்தான் அடுத்த பூ. நெருக்கத்தில் எதுவும் பெருக்காது. அதனால் 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒரு முறை பிரிக்க வேண்டும்.

செய்யும் முறை

1. சித்திரை, வைகாசியில் தண்ணீரை நிறுத்துங்கள். இலை பழுத்துக் காய்ந்ததும், தூரைவிட்டு ஒரு சாண் தள்ளித் தோண்டி முழுசாக எடுங்கள்.

2. மண்ணை உதறி, கையால் பிரியுங்கள். அழுகியது, பூத்து முடிந்து சுருங்கியது இரண்டையும் கழியுங்கள்.

3. நிழலில் பரப்பி ஒரு மாதம் ஆற விடுங்கள். இடையிடையே புரட்டுங்கள்.

4. 25 முதல் 30 கிராம் உள்ள கிழங்கை ஆனி, ஆடியில் நடுங்கள். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. முளை மேலே பார்க்கட்டும். ஒரு சென்ட்டுக்குச் சுமார் 450 கிழங்கு, அதாவது ஏறக்குறைய 12 கிலோ போதும்.

5. பொடிக் கிழங்கை எறியாதீர்கள். தனிப் பாத்தியில் நட்டால் அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

மக்கிய தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் இடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் பூ வரத் தொடங்கும்.

கவனம்!

வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது நூற்புழு. அந்தக் கிழங்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவர்கள் கொல்லையும் கெடும். அந்த இடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லி போட்டால் புழு குறையும். புதிதாக வாங்குவோர் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த ‘சிருங்கார்’, ‘பிரஜ்வால்’ ரகங்களைக் கேளுங்கள்.

வேலியோரம் கலப்பை வடிவில் கிழங்கு கிடைத்தால் அது நம் மாநிலப் பூவான செங்காந்தள். கொடிய விஷம், பிள்ளைகள் கையில் படாமல் பாருங்கள்.

எங்கள் முடிவு

அந்த அக்காவுக்குக் கடன் தேவைப்படவில்லை. மிஞ்சிய நல்ல கிழங்கை, இல்லாத உறுப்பினர்களுக்குக் கொடுத்தோம். தூர் பெருத்ததும் வாங்கிய எண்ணிக்கையைத் திருப்பித் தர வேண்டும். பதிவேட்டிலும் எழுதினோம். இதுவும் சுழல்நிதிதானே!

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்: உங்கள் குழுவில் யார் வீட்டுத் தூர் பிரிக்காமல் கிடக்கிறது? கிழங்கு யாருக்குத் தேவை?