மருந்து விளம்பரமா? கொஞ்சம் நில்லுங்க!



"சர்க்கரை நோய் அடியோடு போகும்", "ஒரே மாதத்தில் உயரமாகலாம்" என்று பஸ்ஸுக்குள்ளும் சுவரிலும் ஒட்டியிருப்பதைப் படித்திருப்பீர்கள். சந்தையில் வேன்ல மைக் கட்டியும் சொல்லுவாங்க. இப்படி விளம்பரம் செய்யவே கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது, தெரியுமா?

சட்டம் எது?
மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954. இது இந்தியா முழுமைக்கும் உரியது.

எதெல்லாம் விளம்பரம்?
நோட்டீஸ், லேபிள், மருந்தைச் சுற்றிவரும் காகிதம் எல்லாமே விளம்பரம்தான். வாயால் சொல்வதும், ஒளி, ஒலி, புகை மூலம் அறிவிப்பதும் அதில் சேரும். அதனால் மைக்கில் சொன்னாலும் தப்பிக்க முடியாது!

எவை கூடாது?
1. சட்டத்தின் பட்டியலில் 54 நோய்களும் உடல்நிலைகளும் உள்ளன. சர்க்கரை நோய், புற்றுநோய், காசநோய், இதய நோய், வலிப்பு, உடல் பருமன், உயரம் எல்லாம் அதில் உண்டு. இவற்றுக்கு இந்த மருந்து என்று மக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது.
2. மருந்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது.
3. தாயத்து, மந்திரத்தால் இந்த நோய்கள் தீரும் என்று விளம்பரம் செய்யக் கூடாது.

டாக்டர் தன் ஆஸ்பத்திரியில் இன்ன நோய்க்கு வைத்தியம் உண்டு என்று போர்டு வைக்கலாம். அரசாங்க அறிவிப்புக்கும் தடை இல்லை.

நல்ல மருந்துன்னா சொன்னா என்ன?
இவை டாக்டர் பரிசோதித்துப் பார்க்க வேண்டிய நோய்கள். ஆளுக்கு ஆள் மருந்தின் அளவு மாறும். மக்கள் தாங்களே வைத்தியம் செய்துகொள்வதைத் தடுப்பதுதான் இச்சட்டத்தின் நோக்கம் என்று உச்ச நீதிமன்றமும் 1959-ல் கூறியது.

எங்க தெருவில் ஒரு பெரியம்மா, வேன்ல வாங்கின பொடியை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டாங்க. கால் புண் ஆறவே இல்லை. கடைசியில் ஒரு விரலை எடுத்துட்டாங்க. பொடி 300 ரூபாய். மாத்திரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்!

நாம் என்ன செய்யலாம்?
பட்டியலில் உள்ள நோயின் பெயரைப் போட்டு மருந்து விற்றால், அந்த விளம்பரமே சட்டத்துக்கு விரோதம் என்று வீட்டில் சொல்லுங்கள். நோட்டீஸைக் கிழிக்காமல் சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுங்கள். மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதலாம். முக்கியமாக, டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.

படிக்கத் தெரிந்த நாம்தான் படிக்காத பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும்.



— 9-ஆம் வகுப்பு மாணவி