கேட்ட இதழ் ஏன் வரவில்லை?

கேள்வி: திருமழிசையில் குடியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை உதவிப் பேராசிரியை. அண்ணா பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்து, லேத் டூல்களின் தேய்மானம் பற்றி ஆராய்கிறேன். சோதனை செய்ய இங்குள்ள சிட்கோ எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்காரர் மெஷின் தருகிறார்; படிக்கத்தான் கட்டுரை கிடைப்பதில்லை. என் துறைக்கு உயிரான ‘வேர்’ (Wear) இதழை வாங்கச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறேன். ரேக்கில் யாரும் தொடாத இதழ்கள்தான் புதிது புதிதாக வருகின்றன. எதை வாங்குவது என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்த பிறகும் எங்களுக்கு ஏன் இல்லை?

பதில்: அம்மா, முப்பது வருடம் கல்லூரி நூலகங்களில் உட்கார்ந்து எழுந்தவன் நான். அந்த யாரும் தொடாத இதழ்களில் பாதியை வாங்கிய பாவம் என்னையும் சேரும்.

முதலில் அதையே சொல்லிவிடுகிறேன். கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக்குழு வரும்போது துறைக்கு இத்தனை இதழ் என்று எண்ணிக்கை காட்ட வேண்டும். வெளிநாட்டு இதழ் ஒன்றின் சந்தாப் பணத்தில் உள்நாட்டு இதழ் இருபது வரும். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு இரண்டு வாரம் முன்பு ஏஜெண்டைக் கூப்பிட்டு, ‘துறைக்குப் பன்னிரண்டு, எதுவானாலும் சரி’ என்றார்கள். வந்த கட்டுகளின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தவர் நூலக உதவியாளர் ஒருவர்தான். வாசகர் யாரும் பிரிக்கவில்லை.

ஒழுங்காக நடக்கும் இடத்தில் வழக்கம் இது. ஜூலை, ஆகஸ்ட்டில் நூலகர் துறைகளுக்குச் சுற்றறிக்கை விடுவார். துறைத்தலைவர்கள் பட்டியல் தருவார்கள். முதல்வர் தலைமையில் நூலகக் குழு கூடும். பட்டியல் பட்ஜெட்டைப் போல மூன்று மடங்கு இருக்கும். சந்தா ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை, பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். கல்லூரிக் கணக்கோ ஏப்ரலில் தொடங்கும். குழு கூடிய நாளில் டாலர் ஒரு விலை, பணம் அனுப்பும் நாளில் வேறு விலை. அந்த வித்தியாசத்துக்காகவே கடைசி நேரத்தில் இரண்டு இதழ் பட்டியலிலிருந்து விழும். விழுவது பெரும்பாலும் இளையவர்கள் கேட்டதாகத்தான் இருக்கும்.

எதை விடுவது, எதை வைப்பது என்பதற்கு நூலகர் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அச்சு இதழ் காலத்தில் கார்டெக்ஸ் அட்டையில் எந்த இதழ் வந்தது, எது வரவில்லை என்று மட்டும்தான் தெரியும். யார் படித்தார்கள் என்பது மேஜையில் விட்டுப்போன இதழ்களை மாலையில் எண்ணினால்தான் தெரியும். இப்போது பதிப்பகமே மாதாமாதம் எத்தனை கட்டுரை இறக்கினார்கள் என்று புள்ளிவிவரம் தருகிறது. சந்தாத் தொகையை அந்த எண்ணால் வகுப்போம். ஒரு பேச்சுக்கு, சந்தா மூன்று லட்சம், வருடத்துக்கு அறுபது பதிவிறக்கம் என்றால் ஒரு கட்டுரை ஐயாயிரம் ரூபாய். தனிக் கட்டுரையாக வாங்கினால் முப்பது, நாற்பது டாலரில் முடிந்துவிடும். அப்படிப்பட்ட சந்தாவை எந்தக் குழுவும் தொடராது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931-ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் பயன்பாட்டைத்தான் முதலில் வைத்தார். அவர் இருந்திருந்தால் இந்த வகுத்தல் கணக்கை ரசித்திருப்பார்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. வாங்காத இதழுக்குப் பதிவிறக்கக் கணக்கே இருக்காது. உங்கள் ‘வேர்’ மூன்று வருடமாக மாட்டிக்கொண்டிருப்பது அங்கேதான். வாசல் வரை போய்க் கதவு திறக்காமல் திரும்பியவர்களின் எண்ணிக்கையையும் பதிப்பகங்கள் தனியாகத் தருகின்றன. அதைக் கேட்டு வாங்கும் நூலகர் குறைவு.

இன்னொரு சங்கடம், பெரிய பதிப்பகங்கள் இதழ்களைக் கட்டாக விற்பது. கல்யாணப் பந்தியில் அப்பளம் மட்டும் போதும் என்றால் நடக்குமா? நூற்றுக்கணக்கான இதழ்கள் ஒரே பேக்கேஜாக, வருடா வருடம் விலை ஏற்றத்தோடு வரும். தனி இதழாகவும் தருவார்கள். ஆனால் நாலைந்து தனி இதழ்களின் விலையே கண்ணைக் கட்டும். லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தில் இருந்த பிராட்ஃபோர்ட் 1934-லேயே காட்டினார்: ஒரு துறையின் கட்டுரைகளில் கணிசமானவை ஒருசில இதழ்களிலேயே குவிந்திருக்கும், மீதி ஏராளமான இதழ்களில் சிதறிக் கிடக்கும். நமக்கு வேண்டியது அந்தச் சில. விலை கொடுப்பது எல்லாவற்றுக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகமே 2019-ல் எல்சவியர் பதிப்பகத்துடன் பேச்சு முறிந்து சந்தாவை விட்டது, 2021-ல்தான் புது ஒப்பந்தம் போட்டது. ‘வேர்’ அதே எல்சவியரின் இதழ்தான், 1957 முதல் வருகிறது.

நூலகங்கள் தனித்தனியாகப் பேரம் பேசித் தோற்றதால்தான் மத்திய அரசு மொத்தமாக வாங்கப் போனது. 2024 நவம்பர் 25-ல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’வுக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது: 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், 2025 முதல் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். பயன்பெறுவோர் சுமார் 1.8 கோடி பேர் என்றார்கள்; வகுத்தால் தலைக்கு வருடம் ஆயிரத்து நூறு ரூபாய் சொச்சம். விலை நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இது மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கான திட்டம். சுயநிதிக் கல்லூரிகள் பட்டியலில் இல்லை. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் பொறியியல் கல்லூரிப் பேருந்துகள் ஓடுகிற வட்டாரத்தில் உட்கார்ந்து பார்த்தால், நாட்டின் பெயரை வைத்துக்கொண்டு பாதிப் பேரை வெளியே நிறுத்தியது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் உங்களுக்கு ஒரு கதவு இருக்கிறது. உங்கள் ஆய்வுப் பதிவு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில். வேலை பார்க்கும் இடத்தைச் சொல்லாமல், பதிவு எண்ணைச் சொல்லி, ஆய்வாளர் என்ற முறையில் வீட்டிலிருந்தே நுழையும் கணக்கு கிடைக்குமா என்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி நூலகத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், நேரில் வந்து அங்குள்ள கணினியில் இறக்கிக்கொள்ள அனுமதி கேளுங்கள். தேவையான கட்டுரைகளைப் பட்டியல் போட்டு எடுத்துப் போனால் ஒரு சனிக்கிழமை போதும்.

அதுவரை, கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடுங்கள். பாதிப் பேராவது பிரதியை அனுப்பிவிடுவார்கள், அதில் கூச்சமே வேண்டாம். இந்திய அறிவியல் அகாதமியின் பொறியியல் இதழான ‘சாதனா’ அவர்கள் தளத்திலேயே இலவசம்.

கல்லூரியில் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். கேட்கும் விதத்தை மாற்றுங்கள். போகிறபோக்கில் நூலகரிடம் வாயால் சொன்னது குழுவுக்குப் போகாது. ஜூலையில் எழுத்தில் கொடுங்கள். போன வருடம் கிடைக்காமல் போன கட்டுரைகளைத் தலைப்போடு இணையுங்கள். துறையில் இன்னும் இரண்டு பேர் கையெழுத்து இருந்தால் குழு உங்கள் கடிதத்தைச் சுலபமாக ஒதுக்க முடியாது. ‘வாங்க முடியாவிட்டால் தனிக் கட்டுரைகளுக்கு வருடம் இவ்வளவு ஒதுக்குங்கள்’ என்று ஒரு வரி சேருங்கள். நான் குழுவில் இருந்தபோது அப்படி வந்த ஒரே கடிதத்துக்கு மறுபேச்சில்லாமல் பணம் ஒதுக்கினோம்.

இதழின் பெயருக்குப் பக்கத்தில் 0043-1648 என்ற ஐ.எஸ்.எஸ்.என் எண்ணையும் மறக்காமல் போடுங்கள். வெறுமனே ‘வேர்’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தால், உங்கள் கோரிக்கை தாவரவியல் கோப்புக்குப் போய்விடும்.