மழையில் மலையேறப் புறப்படும் பிள்ளைகளுக்கு

ஜூன் பிறந்து முதல் மழை விழுந்ததுமே மும்பை தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பிள்ளைகளுக்குக் கால் பரபரக்க ஆரம்பித்துவிடுகிறது. சனிக்கிழமை ராத்திரி கர்ஜத் லோக்கல், ஞாயிறு சாயங்காலம் இன்ஸ்டாகிராமில் அருவிப் படம். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சஹ்யாத்ரியை மழையில் பார்க்காதவர் அதைப் பாதிதான் பார்த்தவர். ஆனால் முதல்முறை போகிறவர்கள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டு போங்கள்.

1. இன்றைய வானத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடந்த மூன்று நாள் மழை எவ்வளவு என்று கேளுங்கள். இந்த மலைகள் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பாறை, மேலே போர்த்தியிருப்பது மண். விடாமல் பெய்தால் மண் தண்ணீரைக் குடித்துக் கனத்துப் பிடி விட்டுவிடும். எண்ணெய்க் கல்லில் ஒட்டாத தோசை மாதிரி மொத்தமாக வழுக்கி வரும். மழை விட்ட பிறகும் வரும். 2014 ஜூலை 30 காலை புணே மாவட்டம் மாலின் கிராமம் புதைந்தது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023 ஜூலை 19 ராத்திரி இர்ஷால்வாடி. நம் பிள்ளைகள் ஏறும் இர்ஷால்கட் கோட்டைக்குக் கீழேயே உள்ள ஊர். 27 உடல்கள் கிடைத்தன, 57 பேர் கிடைக்கவே இல்லை. நிலச்சரிவு அபாயமுள்ள ஊர்களின் அரசுப் பட்டியலில் அந்த ஊர் இல்லை. அதனால் பட்டியலைக் காட்டி யாராவது உங்களுக்குத் தைரியம் சொன்னால் நம்பாதீர்கள்.

2. மும்பைக்கான முன்னறிவிப்பு மலைக்கு உதவாது. கர்ஜத், கோபோலி, பன்வேல் பக்கம் என்றால் ராய்கட் மாவட்டத்துக்கு வானிலைத் துறை தரும் எச்சரிக்கை நிறத்தைப் பாருங்கள். லோனாவளா என்றால் புணே, ஹரிஹர் கோட்டை என்றால் நாசிக். சிவப்பு என்றால் வீட்டில் இருங்கள். ஆரஞ்சு என்றாலும் புதியவர்களுக்கு அதே பதில்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது, கொலாபாவில் 73தான். ஒரே ஊருக்குள்ளேயே அப்படி. கடல்காற்று மோதி மேலேறிக் குளிர்ந்து கொட்டும் மலைமுகட்டில் கேட்கவே வேண்டாம்.

3. ஓடைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை மத்தியானம் இடுப்பளவு வரும். உங்கள் தலையில் ஒரு தூறல்கூட விழாமல் வரும், ஏனென்றால் மழை மேலே எங்கேயோ பெய்கிறது. ஆனால் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கனக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் கழற்றிவைத்த செருப்பைக்கூட எடுக்க நிற்காமல் கரையேறுங்கள். ஓடை திடீரென்று வற்றினால் சந்தோஷப்படாதீர்கள். மேலே மண்ணோ மரமோ அடைத்திருக்கலாம். முழங்கால் தொடும் வேகமான நீரில் இறங்கவே கூடாது. 2024 ஜூன் 30 அன்று லோனாவளா பூஷி அணைக்குப் பின்னாலுள்ள அருவியில் ஒரே குடும்பத்தில் 5 பேர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் அங்கேயே மேடான இடத்தில் உட்காருங்கள். மழை குறைந்தால் தண்ணீரும் வடியும். திங்கட்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் குடி முழுகிவிடாது.

4. சரிவின் அடியிலும் ஓடை வாயிலும் கூடாரம் போடாதீர்கள். தரையில் புது விரிசல், சாய்ந்து நிற்கும் மரம், நேற்று இல்லாத ஊற்று, விட்டுவிட்டு உருளும் சின்னக் கற்கள், இவற்றில் எதைக் கண்டாலும் பக்கவாட்டில் விலகிப் போய்விடுங்கள். செம்பூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2021 ஜூலை 18 விடிவதற்கு முன் வாஷி நாக்கா பாரத் நகரில் சரிவோரச் சுவர் வீடுகள் மேல் விழுந்து 19 பேர் இறந்ததை நீங்களே பார்த்தவர்கள்.

5. மூட்டம் மூடினால் நில்லுங்கள். பத்தடியில் பள்ளம் இருந்தாலும் தெரியாது.

6. இடி ஜூன் தொடக்கத்திலும் அக்டோபரிலும்தான் அதிகம், அதுவும் மத்தியானத்துக்கு மேல். மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி ஆப் போனில் இருக்கட்டும். 1,646 மீட்டர் உயரக் களசூபாயில் இரும்பு ஏணிகள் உண்டு. இடிச் சத்தம் கேட்டால் அவற்றைத் தொடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரைமணி ஆகும்வரை திறந்த முகட்டுக்கு ஏறாதீர்கள்.

7. இரண்டு மழைக்காலம் ஏறியதும் குல்மார்க்கில் பனிச்சறுக்கு, உத்தரகாசியில் பயிற்சி என்று ஆசை வரும். வரட்டும். அங்கே மண்ணுக்குப் பதில் பனி, கணக்கு அதேதான். 30 முதல் 45 டிகிரிச் சரிவில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் வருகின்றன. சறுக்குவதற்கு ருசியான சரிவும் அதுதான். புதுப்பனி கொட்டிய மறுநாள் வானம் நீலமாக இருக்கும், ஆபத்தும் அன்றுதான் கூடுதல். புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும். அதனால் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சமிக்ஞைக் கருவியும் மண்வெட்டியும் உங்களிடமும் பக்கத்தில் இருக்கும் நண்பரிடமும் இருக்க வேண்டும். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசிப் பக்கம் திரௌபதி கா தண்டா சிகரத்தில் நேரு மலையேற்றக் கழகக் குழுவையே பனி மூடியது. 27 பேர் இறந்தார்கள், இருவர் அப்போது கிடைக்கவில்லை. இறந்தவர்களில் எவரெஸ்ட் ஏறிய பயிற்றுநர் ஒருவரும் உண்டு. அனுபவம் இருந்தால் பனி விலகிப் போகும் என்று நினைக்காதீர்கள்.

8. அடிவாரத்து ஊர்க்காரர் “ஆஜ் நகோ” (இன்று வேண்டாம்) என்றால் அதோடு பேச்சு முடிந்தது. வடாபாவ் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்புங்கள். கலெக்டர் தடை போட்ட அருவிக்குக் குறுக்குவழி தேடாதீர்கள். நீங்கள் விழுந்தால் தேடி வருவது லோனாவளா சிவதுர்க் மித்ராவும் கோபோலி யஷ்வந்தி ஹைக்கர்ஸும். நம்மைப் போல வேலைவெட்டி பார்த்துப் பிழைக்கிற தொண்டர்கள். இர்ஷால்வாடிக்கு ரோடு இல்லாமல் அந்த இருட்டில் மீட்க ஏறியவர்களில் தீயணைப்புத் துறைக்காரர் ஒருவர் நெஞ்சுவலியில் வழியிலேயே இறந்தார்.

9. எந்தக் கோட்டை, எந்தப் பாதை, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள். மலை மேல் போன் எடுக்காது.