கடைசி அம்பு வரை

நுழையும் முன்

ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை மதிலை ஒட்டி 70 மீட்டர் நடந்து திரும்பிப் பாருங்கள். புறப்பட்ட இடத்தில் நிற்கும் நண்பரின் முகம் சிறு புள்ளியாகத் தெரியும். ஒலிம்பிக் வில்வித்தைப் போட்டியில் இலக்கு அத்தொலைவில்தான் நிற்கிறது. அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ. மட்டுமே. அதனை ஒருமுறை எய்தத் திறமை போதும். நாள் முழுவதும் எய்தத் தாங்குதிறனும் வேண்டும்.

பாடம்

தகுதிச் சுற்றில் வீரர் ஒவ்வொருவரும் 72 அம்புகள் எய்கின்றனர். நாணை ஒருமுறை இழுக்க 20 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை தேவை எனக் கொண்டால், 72 முறைக்கு அது 1,440 கிலோ ஆகிறது. ஆறு அம்புகளுக்கு ஒருமுறை இலக்குவரை சென்று திரும்பும் நடை மட்டுமே 1,680 மீட்டர். வெயிலும் காற்றும் காத்திருப்பும் இவற்றோடு சேர்கின்றன. களைப்பு மிகும்போது தோள் தாழும். வில்லேந்திய கை நடுங்கும். கையில் தோன்றும் சிறு நடுக்கம் 70 மீட்டர் தொலைவில் பெரும் பிழையாகிவிடும்.

இத்தாங்குதிறன் ஒரே நாளில் வருவதன்று. தொடக்கத்தில் இலகுவான வில்லையே பயன்படுத்த வேண்டும். அம்புகளின் எண்ணிக்கையை வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். நாணை முழுவதும் இழுத்து, எய்யாமல் சில நொடிகள் நிறுத்திப் பின் மெல்லத் தளர்த்துவது ஒரு நற்பயிற்சி. நாணைக் கையால் மட்டும் இழுப்பவர் விரைவில் சோர்வர். முதுகுத் தசைகளால் இழுப்பவர் நெடுநேரம் நிற்பர். சுற்றுகளுக்கு இடையே நீரும் சிற்றுணவும் தேவை. ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே. வலியைப் பொருட்படுத்தாமல் எய்பவர் தோளைக் கெடுத்துக்கொள்வர்.

இதற்குச் சான்றாக விளங்குபவர் ஹரியானா மாநிலம் கைத்தலைச் சேர்ந்த ஹர்விந்தர் சிங். ஒன்றரை வயதில் டெங்குக் காய்ச்சலுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையின் பின்விளைவால் இவருடைய கால்கள் செயல்திறன் குன்றின. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பயிற்சிக் களங்கள் மூடப்பட்டன. அறுவடை முடிந்த வயலை இவருடைய தந்தை வில்வித்தைக் களமாக மாற்றித் தந்தார். பயிற்சி தடைபடவில்லை.

2021 செப்டம்பர் 3 அன்று டோக்கியோ பாராலிம்பிக்கில் ஹர்விந்தர் ஒரே நாளில் ஐந்து ஆட்டங்கள் ஆடினார். அவற்றுள் மூன்று சமநிலையில் முடிந்து, ஆளுக்கு ஓர் அம்பு எய்து வெற்றியை முடிவு செய்யும் நிலைக்குச் சென்றன. மூன்றிலும் அவரே வென்றார். அரையிறுதியில் தோற்றபோதும் தளரவில்லை. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தின் கடைசி அம்பில் எதிராளி எட்டுப் புள்ளிகள் பெற்றார். ஹர்விந்தரின் அம்பு பத்தில் பாய்ந்தது. பாராலிம்பிக் வில்வித்தையில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது. 2024இல் பாரிஸில் ஒரே நாளில் ஐந்து ஆட்டங்களையும் வென்று தங்கம் பெற்றார்.

நாளின் கடைசி அம்பை முதல் அம்பைப் போலவே எய்யும் ஆற்றலைத் தந்தது, ஆரவாரமற்ற அந்த வயலில் நாள்தோறும் செய்த பயிற்சியே.

சொல்லும் பொருளும்

நாண் – வில்லில் கட்டிய கயிறு
எய்தல் – அம்பைச் செலுத்துதல்
இலகுவான – எடை குறைந்த, எளிய

பயிற்சி

1. களைப்பு வில்வீரரின் குறியை எவ்வாறு பாதிக்கிறது?
2. ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதி எனக் கூறப்படுவது ஏன்?
3. 'தாங்குதிறன்' என்பது வினைத்தொகை. 'ஊறுகாய்' போன்ற வேறு இரண்டு வினைத்தொகைகளை எழுதுக.
4. நீங்கள் நாள்தோறும் சிறிது சிறிதாக வளர்க்க விரும்பும் திறன் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.