சேலை நிறம் போகலாமா?



களப்பயணம் போனால் படம் எடுக்காமல் வருவோமா? சின்னாளபட்டியில் ஓர் அக்கா தான் முடிச்சுப் போட்ட சிவப்புச் சுங்குடிச் சேலையை விரித்துப் பிடித்தார். படம் எடுத்து, செல்போனிலேயே ‘செபியா’ என்ற பழுப்பு நிறமாக்கிக் காட்டினோம்.

“உசிரோட இருக்கிறவளைச் செத்தவ படமாக்கிட்டீங்களே! சேலை நிறம் எங்கே?” என்றார். நமக்குச் சுருக்கென்றது.

செபியா என்பது கணவாய் மீன் மையின் பெயர். அந்தக் காலத்தில் படத்திலுள்ள வெள்ளியை வெள்ளி சல்பைடாக மாற்றினார்கள். படம் பழுப்பானது, சீக்கிரம் மங்காமலும் நின்றது. செல்போன் தருவது அந்த நிறத்தை மட்டுமே. பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பாட்டிக்கு அது பொருந்தும். நிறமே பிழைப்பானவருக்குப் பொருந்தாது.

அவருக்கு என்ன செய்யலாம்?

1. படத்தை நகல் எடுங்க. அசலைத் தொடாதீங்க.
2. நகலைக் கறுப்பு வெள்ளையாக்கி, சேலைக்கு மட்டும் பழைய நிறத்தைக் கொண்டு வாங்க.
3. சிவப்பை மட்டும் விட்டு வைத்தால் உதடு, பொட்டு, தோலிலும் சிவப்பு தங்கிடும். அந்த இடங்களை விரலால் தேய்த்துச் சரி செய்யுங்க.
4. படத்தில் இருப்பவரிடம் காட்டி, சம்மதம் கேட்டபிறகே மற்றவருக்கு அனுப்புங்க.

அங்கேயே இப்படி மாற்றிக் காட்டினோம். “இப்பத்தான் இது என் சேலை” என்று சிரித்தார் அக்கா.