செத்த மண்ணுக்கு உயிர் கொடுத்தவர்கள்



புல்லுகூட முளைக்காத மண்ணில் திரும்பவும் பயிர் வருமா? வரும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள ‘ஈடன் புரொஜெக்ட்’ என்ற இடம் அதற்குச் சாட்சி. இம்முறை அதைப் பற்றிப் படிப்போம்.

பீங்கான் கோப்பை செய்ய வெண்களிமண் வேண்டும். கார்ன்வாலில் அது நிறையக் கிடைக்கும். அங்கே போடெல்வா என்ற இடத்தில் சுமார் 160 வருஷமாக அதைத் தோண்டினார்கள். கடைசியில் மிஞ்சியது 60 மீற்றர் ஆழமான பள்ளம்தான். மேல்மண் என்று ஒன்றும் இல்லை. அந்தப் பள்ளத்தில் உலகத்துச் செடிகொடிகளை வளர்த்து மக்களுக்குக் காட்டலாம் என்று டிம் ஸ்மிட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் முன்வந்தார்கள்.

முதல் தொல்லை தண்ணீர். மழை பெய்தால் எல்லாம் பள்ளத்துக்குள்ளேயே இறங்கியது. ஆகவே நிலத்துக்கு அடியில் வடிகால் அமைத்தார்கள். சேர்ந்த தண்ணீரைச் செடிகளுக்கே பாவித்தார்கள்.

அடுத்தது மண். களிமண் தோண்டியபோது ஒதுக்கிய மணலையும் கழிவையும் எடுத்து, மக்கிய மரப்பட்டை, இலைதழைகளோடு கலந்தார்கள். இப்படி 85,000 தொன் மண் உண்டாக்கினார்கள்!

பிறகு இரும்புச் சட்டத்தால் தேன்கூட்டின் அறைகளைப் போலக் கட்டி, காற்றடைத்த பிளாஸ்டிக் மெத்தைகளால் மூடிப் பெரிய கூடாரங்கள் அமைத்தார்கள். மழைக்காட்டுக் கூடாரத்தின் உயரம் சுமார் 50 மீற்றர். வாழை, கோப்பி, கொக்கோ, இறப்பர் எல்லாம் அந்தக் குளிர் நாட்டில் அதற்குள்ளே வளருகின்றன. 2001 மார்ச்சில் இது திறக்கப்பட்டது.

‘அவங்ககிட்ட காசு இருக்கு, செஞ்சாங்க’ என்று சிலர் சொல்லலாம். கூடாரம் கட்டக் காசு வேண்டும்தான். ஆனால் மண்ணைத் தேற்றிய வழி நமக்கும் கைக்கெட்டியதே. நாங்கள் லயங்களுக்குப் போகும்போது, மரக்கறித் தோலும் இலைதழையும் கானில் கிடப்பதைப் பார்க்கிறோம். கான் அடைபட்டால் மழைத்தண்ணீர் மேலால் பாய்ந்து, வீட்டுத் தோட்டத்து நல்ல மண்ணை அடித்துக்கொண்டு போகும். போன மண்ணைத் திரும்ப உண்டாக்குவது எவ்வளவு பாடு என்று மேலே பார்த்தோம்.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியவை:

1. சமையல் கழிவு, காய்ந்த இலை, சாணம் ஆகியவற்றை அடுக்கடுக்காகக் குவியுங்கள். பொலித்தீனும் பெற்றரியும் சேரக்கூடாது.

2. மழை படாமல் மூடி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். மலைநாட்டுக் குளிரில் பசளையாக மூன்று நாலு மாதம் செல்லும்.

3. பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காகப் போடுங்கள். கானில் சேர்ந்த வண்டல் மண்ணை அள்ளிப் பாத்தியிலேயே கொட்டுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: அடுத்த மழையில், வீட்டுப்பக்கத்துக் கானில் ஓடும் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து ஒரு இரவு வையுங்கள். காலையில் அடியில் எவ்வளவு மண் படிந்திருக்கிறது என்று அம்மா அப்பாவுக்குக் காட்டுங்கள்.