புழு பழகவில்லை

அன்புள்ள தாயிக்கு,

பேச்சுப்போட்டிக்காக நீ எழுதிய உரை வந்து சேர்ந்தது. டார்வினும் மெண்டலும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். அந்தப் பகுதியில் நான் கைவைக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் வரும் ஒரு வரிதான் உறுத்துகிறது. "பருத்திக் காய்ப்புழு மருந்துக்குப் பழகிவிட்டது, அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் வந்துவிட்டது, இதுவே பரிணாமம்" என்று எழுதியிருக்கிறாய். பக்கத்திலேயே பென்சிலால் ஒரு கேள்வி: "அப்படின்னா ஐயா, மூணு தலைமுறையா பட்டாசு மருந்துல வேலை பார்க்கிற எங்க வீட்டு ஆளுங்க உடம்பும் மருந்துக்குப் பழகியிருக்குமா?"

பழகியிருக்காது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் கேள்வி அந்த வரியிலிருந்து முளைத்தது. வரி தப்பு என்பதால் கேள்விக்குள் இருக்கிற நம்பிக்கையும் தப்பு. இது உன் தப்பு மட்டுமல்ல. உரக்கடையில் கேட்டாலும் களத்துமேட்டில் கேட்டாலும் "புழு பழகிருச்சு" என்றுதான் சொல்வார்கள். வகுப்பில் ஆசிரியர்களே அப்படிச் சொல்லக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்கிறது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வைத் தலைகீழாகப் புரட்டிப்போடுகிற பிழை இது. சின்னப் பிழை என்று விட்டுவிட முடியாது.

உடம்பு பழகுவது உண்டு. சரம் பின்னிப் பின்னி உன் அம்மாவின் விரல் நுனி காய்த்துப்போயிருக்கும். அந்தக் காய்ப்பு உன் விரலில் இருக்கிறதா? நம் பக்கத்தில் எத்தனை தலைமுறையாகக் காது குத்துகிறோம்! இன்றுவரை ஒரு பிள்ளைகூடத் துளையோடு பிறக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் மாமன் மடியில் உட்காரவைத்துப் புதிதாகத்தான் குத்தவேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் ஆகஸ்ட் வைஸ்மான் 1880-களில் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். பிறந்த குட்டிகள் எல்லாமே வாலோடுதான் பிறந்தன. வாழும்போது உடம்பில் ஏறுகிற மாற்றம் மரபணுவில் எழுதப்படுவதில்லை.

"சரி, புழு எப்படித் தப்பித்தது?" என்று கேட்பாய். இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

சால்வடோர் லூரியா இத்தாலிக்காரர், மேக்ஸ் டெல்புரூக் ஜெர்மன்காரர். இருவரும் ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா போனவர்கள். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் ஒன்றை அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கோடிக்கணக்கான பாக்டீரியா மேல் அந்த வைரஸை ஊற்றினால் அநேகமாக எல்லாம் செத்துப்போகும். சில மட்டும் பிழைத்துப் பெருகும். பிழைத்தவை வைரஸைப் பார்த்த பிறகு பழகிக்கொண்டனவா, அல்லது வைரஸ் வருவதற்கு முன்பே வேறுவிதமாக இருந்தனவா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று லூரியா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒரு விருந்தில், காசு போட்டு ஆடும் சூதாட்ட எந்திரத்தின் முன்னால் சக பேராசிரியர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பலமுறை ஒன்றும் விழவில்லை. திடீரென்று ஒரேயடியாகக் காசு கொட்டியது. லூரியாவுக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

தனித்தனிக் குழாய்களில் பாக்டீரியாவை வளர்த்து, கடைசியில்தான் வைரஸைக் காட்டினார்கள். பழக்கம்தான் காரணம் என்றால், எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை பிழைக்க வேண்டும். எல்லாமே ஒரே நேரத்தில்தானே வைரஸைப் பார்த்தன? நடந்தது அதுவல்ல. பல குழாய்களில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. சிலவற்றில் ஒன்றிரண்டு. எங்கோ ஒரு குழாயில் மட்டும் நூற்றுக்கும் மேல். அந்தக் குழாயில் வைரஸ் வருவதற்கு வெகு முன்னாலேயே ஒரு பாக்டீரியாவில் சடுதிமாற்றம் நிகழ்ந்து, அதன் வாரிசுகள் பெருகியிருந்தன என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கமில்லை. 1943-இல் வெளிவந்த இந்தக் கட்டுரையை இன்றும் வருடம் ஒருமுறையாவது எடுத்துப் படிப்பேன். 1969-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மாற்றம் முதலில், ஆபத்து பிறகு. இந்த வரிசையை நீ மறந்தால் பரிணாமத்தில் எதுவும் புரியாது.

இப்போது உங்கள் கரிசல் காட்டுக்கு வருகிறேன். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை நீ பார்த்திருப்பாய். பூ விரியாமல் இதழ்கள் ஒன்றோடொன்று சுருண்டு நின்றால் உள்ளே அது இருக்கிறது என்று அர்த்தம். முட்டையிலிருந்து வந்த சிறிது நேரத்திலேயே காய்க்குள் நுழைந்துவிடும். நுழைந்த துளையும் மூடிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு மருந்து அடித்தாலும் அதன்மேல் படாது. விதையைத் தின்று, பஞ்சில் கறையேற்றி, காயைப் பாழாக்கிவிடும்.

வெளியிலிருந்து மருந்தடிப்பதற்குப் பதில் செடிக்குள்ளேயே நஞ்சை வைத்தால் என்ன என்ற யோசனையில் வந்ததுதான் பி.டி. பருத்தி. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்தியில் சேர்த்தார்கள். இந்தியாவில் 2002-இல் அனுமதி கிடைத்தது. இரண்டு நஞ்சு மரபணு கொண்ட ரகம் 2006-இல் வந்தது. முதல் சில ஆண்டுகள் புழு அடங்கியது உண்மை. 2010-இல், குஜராத்தில் இளஞ்சிவப்புப் புழு முதல் நஞ்சைத் தாங்குகிறது என்று விதை நிறுவனமே அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாவது நஞ்சும் தோற்றது.

என்ன நடந்தது? முதல் நஞ்சையே எடுத்துக்கொள். அது வேலை செய்ய வேண்டுமானால் புழுவின் குடல் சுவரில் இருக்கும் கேடரின் என்ற புரதத்தில் போய் ஒட்ட வேண்டும். கேடரினைச் செய்யும் மரபணு சில புழுக்களில் பழுதாகியிருந்தது. ஒட்ட இடமில்லாததால் நஞ்சு கழிவோடு வெளியேறிவிடும். இந்தியப் புழுக்களில் ஆராய்ச்சியாளர்கள் தேடியபோது அந்த ஒரே மரபணு பல இடங்களில், பல விதமாகப் பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். இதை நன்றாக யோசித்துப் பார். புழு நஞ்சைப் பார்த்துத் தீர்வு தேடியிருந்தால் இத்தனை விதமான பழுது எதற்கு? மரபணுவைப் படியெடுக்கும்போது குருட்டாம்போக்கில் நேர்ந்த பிழைகள் இவை. நஞ்சு இல்லாத காட்டில் இந்தப் பிழைகளால் ஒரு லாபமும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் பார்த்தால், பழுதான மரபணு உள்ள புழுக்கள் சாதாரணப் பருத்தியில் மற்றவற்றைவிடப் பின்தங்குகின்றன. நஞ்சு வந்த நாளில்தான் பழுது வரமாகியது. எந்தப் புழுவும் பழகவில்லை. பழுதில்லாதவை செத்தன, பழுதுள்ளவை முட்டையிட்டன.

மெண்டல் இங்கேதான் உதவிக்கு வருகிறார். இந்தப் பழுது ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதும் சேர்ந்தால்தான் புழு பிழைக்கும். பழுதான வடிவம் ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்த புழு பத்து லட்சத்தில் ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்றுக்கு ஜோடி சேர நஞ்சைத் தாங்காத அந்துப்பூச்சிகள் பக்கத்தில் நிறைய இருந்துவிட்டால், பிறக்கும் குஞ்சுகளுக்கு ஒரு பழுதுதான் இருக்கும், அவை பி.டி. செடியைத் தின்று சாகும். அதற்காகத்தான் 450 கிராம் பி.டி. விதைப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் ஒன்றையும் கொடுத்தார்கள். சுற்றிலும் ஐந்து வரிசை நடச் சொன்னார்கள். நம் ஆட்கள் அதைத் தூக்கிப் போட்டார்கள். புழுவுக்கு எதற்கு வெள்ளாமை என்று கேட்டார்கள். காரணத்தை அவர்களுக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. எனக்குக் கோபம் விவசாயி மேல் இல்லை.

அமெரிக்காவின் அரிசோனாவில் 1996 முதல் பி.டி. பருத்தி போட்டார்கள். அந்தச் சாதாரணச் செடிகளையும் ஒழுங்காக நட்டார்கள்; புழு அங்கே பத்தாண்டுக்கு மேலும் நஞ்சுக்கு அடங்கியே இருந்தது. பின்னால் மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கொட்டினார்கள். 2018-இல் இந்தப் புழு நாட்டைவிட்டே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அதே மரபணு, அதே நஞ்சு, அதே புழு.

நம் காட்டிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. பச்சைக் காய்ப்புழுவும் அதே பி.டி. செடியைத்தான் தின்கிறது. அது இளஞ்சிவப்புப் புழுவைப் போல நஞ்சை மீறிக் கிளம்பவில்லை. ஏன்? இளஞ்சிவப்புப் புழுவுக்கு நம் நாட்டில் பருத்தியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்றே சொல்லலாம். பச்சைப் புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, மக்காச்சோளம் என்று எதையும் தின்னும். அங்கெல்லாம் நஞ்சு கிடையாது. நஞ்சைத் தாங்காத அந்துப்பூச்சிகள் அங்கே பெருகி வந்து கலக்கின்றன. பருத்திக்கு ஊடே துவரையும் உளுந்தும் போட்ட நம் கரிசல் வெள்ளாமை, புழு விஷயத்திலும் காவலாக இருந்தது என்பது என் திடமான எண்ணம். ஒரே பயிரைக் கண்ணுக்கெட்டிய தூரம் போடுவது புழுவுக்கு நாமே நடத்திவைக்கும் தேர்வு. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியையும் கைவிட்டோம். கோவில்பட்டியில் 1901-இலேயே ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய பூமி இது. இங்கே இதையெல்லாம் இவ்வளவு சீக்கிரம் மறந்துபோனதை என்னால் ஏற்க முடியவில்லை.

உன் கேள்வியின் இன்னொரு பாதி பாக்கியிருக்கிறது. மனித உடம்பில் இயற்கைத் தேர்வு நடக்காதா? நடந்திருக்கிறது. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே கதிர் அரிவாள் போல வளைந்த சிவப்பணுக்கள் இருப்பதை 1952-இல் லேமனும் கட்புஷ்ஷும் கண்டறிந்து எழுதினார்கள். அந்த மரபணு ஒன்று இருந்தால் மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்பு என்று 1954-இல் ஆன்டனி அல்லிசன் ஆப்பிரிக்காவில் காட்டினார். இரண்டு இருந்தால் கொடிய ரத்தசோகை. மலேரியாவும் ரத்த மரபணுவும் இப்படிப் பிணைந்திருக்கலாம் என்று 1949-இலேயே ஊகித்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவரைப் பற்றித் தொடங்கினால் நிறுத்தமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். இயற்கைத் தேர்வின் வேகத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் முதல் வரிசைக்காரர். 1957-இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து, நம் நாட்டுக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் இறந்தார். அவர் எழுதியதைத் தேடிப் படி.

மலேரியாவுக்கு எதிரான அந்தக் காப்பு எப்படிப் பரவியது? காய்ச்சலில் எண்ணற்ற பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் செத்ததால்தான். இயற்கைத் தேர்வுக்குக் கருணை கிடையாது, நோக்கமும் கிடையாது. பிழைத்தவர்களின் மரபணு மிஞ்சுகிறது, அவ்வளவுதான். அது நடக்க மூன்று தலைமுறை போதாது. நடக்கவேண்டும் என்று யாரும் விரும்பவும் கூடாது. அலுமினியப் பவுடருக்கும் கந்தகத்துக்கும் உன் பெற்றோரின் நுரையீரல் பழகாது. "எங்களுக்கு ஒண்ணும் செய்யாது, பழகிப்போச்சு" என்று பட்டாசு ஆலையில் யாராவது சொன்னால் நம்பாதே. இருமல் குறைவாக இருப்பது உடம்பு ஜெயித்ததற்கு அடையாளம் இல்லை. முகக்கவசமும் காற்றோட்டமும் கேட்டு வாங்கவேண்டிய உரிமைகள்; மரபணு அவற்றைத் தராது.

உரையில் அந்த மூன்றாம் பக்கத்தைத் திருத்தி எழுதி அனுப்பு. இன்னொரு வேலையும் இருக்கிறது. பறிப்பு முடிந்த பிறகு அடுப்பெரிக்க என்று பருத்திமாரை வீட்டோரம் அடுக்கிவைக்கிறீர்கள் அல்லவா? அதில் ஒட்டியிருக்கும் வெடிக்காத காய்களுக்குள் இந்தப் புழு அடுத்த விதைப்பு வரை உறங்கிக் கிடக்கும். மாமாவிடம் சொல்லி, அடுத்த விதைப்புக்கு முன்னால் ஒரு கட்டுகூட மிச்சமில்லாமல் தீர்த்துவிடச் சொல். பக்கத்துக் காட்டுக்காரரிடமும் சொல்லச் சொல். ஒருவர் மட்டும் செய்தால் பலனில்லை.

அன்புடன்,
உன் ஐயா